லைஃப்கார்டு உடையின் கணக்கு

சென்னைக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அலையில் நிற்பவர்களைப் பாருங்கள். புடவை, சுடிதார், ஜீன்ஸ், மடித்துக் கட்டிய வேட்டி என்று எல்லாம் இருக்கும். நீந்துவதற்கென்று தைத்த உடையில் இருப்பவர் பெரும்பாலும் ஒரே ஒருவர். அவரும் தண்ணீரில் இல்லை. விசில் ஊதி, 'உள்ளே போகாதீங்க' என்று கரையிலிருந்து கத்திக்கொண்டிருக்கும் லைஃப்கார்டு அவர்.

அவருடைய உடைக்கு உலகின் பல நாடுகளில் ஏறக்குறைய ஒரே மாதிரி விதிகள் உண்டு. பணி நேரம் முழுவதும் நீச்சல் உடை உடம்பில் இருக்க வேண்டும். மேலே போடும் சட்டை சட்டென்று கழன்று வர வேண்டும், இல்லையென்றால் அதோடேயே நீந்த முடிய வேண்டும். ஷூ, சங்கிலி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை கூடாது. கடற்கரை என்றால் நிறம் பெரும்பாலும் மஞ்சளும் சிவப்பும். பணி முடிந்தால் சீருடையைக் கழற்றிவிட வேண்டும்.

முதல் விதிக்குக் காரணம் கடிகாரம். நியூயார்க்கில் லைஃப்கார்டாக இருந்த ஃபிராங்க் பியா, மீட்புக் காட்சிகளைப் படம்பிடித்து, மூழ்குபவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று கவனித்தார். சினிமாவில் வருவதுபோல யாரும் கையை ஆட்டி 'காப்பாத்துங்க' என்று கத்துவதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்தக் கணம் மூச்சு இழுக்கவே போதாது, எங்கே கத்துவது? கைகள் இரண்டும் தாமாகவே பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். உடம்பு செங்குத்தாக நிற்கும். இப்படி 20 முதல் 60 வினாடி வரைதான் தாக்குப்பிடிக்க முடியும், அப்புறம் உள்ளே போய்விடுவார். நீச்சல் குளங்களில் பலர் பின்பற்றும் 10/20 விதியும் இதே கணக்குதான். தன் பொறுப்பில் உள்ள பகுதி முழுவதையும் 10 வினாடிக்கு ஒருமுறை கண்ணால் அளந்துவிட வேண்டும், ஆபத்தைக் கண்டதிலிருந்து 20 வினாடிக்குள் ஆளை எட்ட வேண்டும். ஷூ லேஸை அவிழ்க்கவே இதில் பாதி போய்விடும்.

சரி, ஆடையோடு குதித்தால் என்ன? ஈரத்துணி கனத்து ஆளைக் கீழே இழுத்துவிடும் என்று நாம் எல்லோரும் சொல்வோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. 600 கிராம் பருத்திப் புடவை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பருத்தி இழையின் அடர்த்தி தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு. எனவே முழுதாகக் கடல்நீரில் மூழ்கிய புடவையின் எடை 200 கிராம்கூட வராது. அது உறிஞ்சிய தண்ணீருக்குத் தண்ணீருக்குள் எடையே கிடையாது, ஏனென்றால் சுற்றியிருப்பதும் அதே தண்ணீர்தான். அந்த எடை தெரிவது தண்ணீரைவிட்டு மேலே வரும்போது. பருத்தி தன் எடைக்குச் சமமாகவும் அதற்கு மேலும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். 600 கிராம் புடவை ஒன்றேகால் கிலோவைத் தாண்டி, காலோடு ஒட்டிக்கொண்டு, நடக்கவிடாமல் செய்யும்.

உண்மையான வில்லன் எடை அல்ல, இழுவை. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதில் நகரும் பொருளைத் தடுக்கும் விசை, அதன் முன்பக்கப் பரப்பைப் பொறுத்தும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தும் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு, அதற்கு உடம்பு செலவிட வேண்டிய திறன் எட்டு மடங்கு. தொளதொள சட்டை, பாக்கெட், மடிப்பு எல்லாம் பரப்பைக் கூட்டுகின்றன. நீந்துபவர் கொடுக்கும் சக்தி ஆளை நகர்த்தாமல், துணிக்குள் சுழலும் தண்ணீரை நகர்த்தியே தீர்ந்துபோகிறது.

இதே விசைதான் நீந்தாமல் வெறுமனே முழங்காலளவு தண்ணீரில் நிற்பவரையும் சாய்க்கிறது. தோராயமாகவே பார்ப்போம். அரை மீட்டர் ஆழம், அலை வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் பின்வாங்குகிறது. வெறும் கால்கள் இரண்டும் சேர்ந்து தண்ணீருக்குக் காட்டும் பரப்பு 0.1 சதுர மீட்டர் என்றால், விழும் விசை ஏறக்குறைய 12 கிலோ எடைக்குச் சமம். அதே இடத்தில் புடவையோ பாவாடையோ அரை மீட்டர் அகலத்துக்கு விரிந்து நின்றால் பரப்பு 0.25 சதுர மீட்டர், விசை 29 கிலோவுக்கு நெருக்கம். இதற்கிடையே அலை காலடி மணலையும் அரித்துக்கொண்டு போகிறது. மெரினாவில் கரை சட்டென்று ஆழமாவதால், விழுந்த இடத்திலிருந்து இரண்டடி நகர்ந்தாலே நிலைகொள்ளாத தண்ணீர். காணும் பொங்கலன்று போலீஸ் தடுப்புக் கட்டைகள் கட்டி யாரையும் கடலில் இறங்கவிடாமல் நிறுத்துவதைப் பார்த்து நாம் சலித்துக்கொள்கிறோம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு எனக்கு அந்தச் சலிப்பு போய்விட்டது.

உள்ளே இழுபட்டவரை எட்டுவதில் இன்னொரு சிக்கல். கரையிலிருந்து கடலுக்குள் ஓடும் இழுப்பு நீரோட்டம் சாதாரணமாக வினாடிக்கு அரை மீட்டர் அளவில் இருக்கும். சில நேரம் 2 மீட்டரையும் தாண்டும். அது ஒலிம்பிக் வீரரின் வேகம். பயிற்சி பெற்ற லைஃப்கார்டு போகும்போது அதே நீரோட்டத்தில் ஏறிப் போய்விடுவார். திரும்பும்போது எதிர்த்து நீந்தாமல் பக்கவாட்டில் விலகி வருவார். அந்தச் சுற்றுவழி முழுவதும் ஒரு ஆளையும் இழுத்துக்கொண்டு வர வேண்டும். அதனால்தான் தோளில் குறுக்காக ஒரு பட்டை, அதன் நுனியில் சிவப்பு மிதவை. மனித உடம்பின் அடர்த்தி தண்ணீருக்கு மிக அருகில் இருப்பதால், தலையை மேலே வைத்திருக்க ஒருவருக்கு 3 முதல் 5 கிலோ மிதப்பு விசை கூடுதலாகக் கிடைத்தால் போதும். ஒரு நுரைக் குழாய் அதைத் தாராளமாகக் கொடுத்துவிடும். சீருடையிலேயே மிக உருப்படியான பகுதி எது என்று கேட்டால் நான் சட்டையைச் சொல்ல மாட்டேன், இந்த மிதவையைத்தான் சொல்வேன்.

இப்போது நிறம். சர்வதேசக் கப்பல் சமிக்ஞைக் கொடிகளில் 'ஓ' என்ற எழுத்துக்கான கொடி, குறுக்காகப் பிரிந்த சிவப்பும் மஞ்சளும். 'ஆள் கடலில் விழுந்துவிட்டார்' என்பது அதன் பொருள். கடற்கரையில் மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாகப் பறக்கும் கொடிக்கு, இந்தப் பகுதியில் லைஃப்கார்டு இருக்கிறார் என்று அர்த்தம். சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேச நீலக்கொடிச் சான்றை 2021இல் பெற்ற, சென்னையை அடுத்த கோவளம் போன்ற கடற்கரைகளில் லைஃப்கார்டு எளிதில் அடையாளம் தெரியும்படி உடுத்தியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

ஒரு நிறம் போதாதா? பகலில் போதும் என்றுதான் தோன்றும். கூட்டத்தில் கலந்து நிற்கும் சிவப்புச் சட்டை உடனே கண்ணில் படும், சாம்பல் நீலக் கடலின் பின்னணியில் மஞ்சள் அதைவிடப் பளிச்சென்று தெரியும். சிக்கல் பொழுது சாயும்போது வருகிறது. பகல் வெளிச்சத்தில் நம் விழித்திரையின் கூம்புச் செல்கள் வேலை செய்கின்றன. அவை 555 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது மஞ்சளும் பச்சையும் கலந்த இடத்தில், மிகக் கூர்மையாகப் பார்க்கும். இருட்ட ஆரம்பித்ததும் பொறுப்பு கோல் செல்களுக்கு மாறுகிறது. அவற்றின் உச்சம் 507 நானோமீட்டர், நீலப்பச்சை. சிவப்பு ஒளி அவற்றுக்கு அநேகமாகத் தெரியவே தெரியாது. பகலில் எரிகிற சிவப்பு, அந்தி மங்கலில் கறுப்பாகிவிடுகிறது. மஞ்சள் நிறம் இழந்தாலும் வெளிறிய துணியாகவாவது தெரியும்.

சென்னைக்கு இது முக்கியம். நம் கடற்கரை கிழக்கு பார்த்தது, சூரியன் ஊருக்குப் பின்னால் மறைகிறது. கடற்கரைக்கு ஜனம் திரண்டு வருவதோ வெயில் தணிந்த பிறகு. இந்த அட்சரேகையில் அந்தி வெளிச்சம் 20 நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நீடிக்கும். கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரமும் சிவப்பு கறுக்கிற நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. சட்டையில் மஞ்சள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது, ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டை ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லது. காக்கியை நினைத்துப் பாருங்கள். மண்ணோடு கலந்து மறைய வேண்டும் என்று படைகளுக்குக் கொண்டுவந்த நிறம் அது. சட்டம் ஒழுங்குக்குச் சரி, ஆபத்தில் இருப்பவர் தேடிப் பார்க்க வேண்டிய ஆளுக்கு அதைவிடப் பொருந்தாத நிறம் இருக்க முடியாது.

சில சீருடைகளில் வரும் கண்ணைக் கூசவைக்கும் மஞ்சளும் ஆரஞ்சும் சாதாரணச் சாயம் அல்ல. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை விழுங்கி, தெரியும் ஒளியாக வெளியே விடும் ஒளிர்சாயம். தன்மேல் விழும் மஞ்சள் ஒளியைவிட அதிகமான மஞ்சளை அது திருப்பிக் கொடுக்கும், அதனால்தான் மேகமூட்டத்திலும் தனியாகத் தெரிகிறது. வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடுவது அதன் பலவீனம். வெளுத்த சட்டையை மாற்றச் சொல்வது அழகுக்காக அல்ல.

இதை உங்கள் வீட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம். குளத்தின் நீலத் தரையில், நீல அல்லது வெள்ளை நீச்சல் உடை போட்ட குழந்தை மூழ்கினால், மேலேயிருந்து பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. நியான் ஆரஞ்சு, நியான் பிங்க் தெரியும். கடைகளில் சிறுவர்களுக்கு நீலத்தையே ஏன் அடுக்கி வைக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வெயிலுக்கு வருவோம். சென்னையில் சூரியன் வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும், நேர் உச்சிக்கு வருகிறது. அந்தப் பருவத்தில் நண்பகல் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது சகஜம். அளவுகோலின் கடைசிப் படி அது. மேலிருந்து வருவது போதாதென்று, காய்ந்த மணல் சுமார் 15 சதவீதத்தையும் அலை நுரை 25 சதவீதத்தையும் கீழேயிருந்து திருப்பி அனுப்புகின்றன. குடைக்கடியில் உட்கார்ந்தாலும் கறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வெயிலில் நனைந்த வெள்ளைப் பருத்தி டீ-ஷர்ட் அவ்வளவாகப் பயன் தராது. துணி வெண்மையாகத் தெரிவதே இழைகளுக்கு நடுவேயுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால்தான். அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பியதும் சிதறல் குறைந்து, எண்ணெய் பட்ட தாளில் நடப்பதுபோல ஒளி உள்ளே இறங்கிவிடுகிறது. லைஃப்கார்டுகள் போடும் முழுக்கை ரேஷ் கார்டு, அதாவது உடம்பை ஒட்டிய நீச்சல் மேல்சட்டை, இறுக்கமாகப் பின்னிய பாலியஸ்டர் அல்லது நைலான், இழுத்தால் நீளும் எலாஸ்டேன் இழை கொஞ்சம் கலந்தது. அதில் 50 என்று பாதுகாப்பு எண் போட்டிருந்தால், விழுகிற புற ஊதாவில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம்தான் தோலை எட்டும் என்று பொருள். பாலியஸ்டர் இழை ஈரத்தை உறிஞ்சுவதே இல்லை எனலாம், கடற்காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும்.

காலை நேரத்துக்குத் தனிப் பிரச்சினை. சூரியன் கடல் மேலிருந்து நேராக முகத்தில் அடிக்கும், தண்ணீர் முழுக்கத் தகதகக்கும், நடுவே ஒரு தலை மறைந்தால் தெரியாது. தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வு பெரும்பாலும் கிடைமட்டமாக இருக்கும். போலராய்டு கூலிங் கிளாஸ் அந்தத் திசை அதிர்வை மட்டும் தடுத்துவிடுவதால் கூச்சம் குறைந்து அலைகளின் வடிவம் தெரிகிறது. லைஃப்கார்டு அதை ஸ்டைலுக்காகப் போடுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்சம் அதுவும் இருக்கலாம்.

நீச்சல் குளத்தில் கதை வேறு. அங்கே எதிரி குளோரின். அது எலாஸ்டேன் இழையை அரிக்கும், சில மாதங்களில் உடை தொங்க ஆரம்பிக்கும், தொங்கினால் இழுவை கூடும். அதனால் தினமும் குளத்தில் நிற்பவர்களுக்கு குளோரினைத் தாங்கும் பாலியஸ்டர் வகை உடைகள் நல்லது. சென்னைக் குளங்களில் நம்மிடமும் நைலான் டிரஸ், தொப்பி இல்லாமல் விட மாட்டேன் என்கிறார்களே, அதுவும் வேதியியல்தான். பருத்தித் துணியின் பஞ்சு வடிகட்டியில் சேரும். துணியில் தங்கிய சோப்பும் வியர்வையும் குளோரினோடு சேர்ந்து குளோரமைன்களாக மாறும். கண்ணெரிச்சலுக்கும், 'குளத்து வாசனை' என்று நாம் சொல்வதற்கும் காரணம் குளோரின் அல்ல, இந்தச் சேர்மங்கள்தான்.

உடம்பை ஒட்டிய உடை என்றதும் பெண்கள் இந்த வேலைக்கு வரத் தயங்குவார்கள் என்று ஒரு வாதம் வரும். இழுவைக்குத் தேவை இறுக்கம்தான், குறைவான துணி அல்ல. கையும் காலும் மூடிய உடையிலும் இழுவை பெரிதாகக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 2007இல் மெக்கா லாலா என்ற முஸ்லிம் பெண், தலை முதல் கணுக்கால் வரை மூடிய மஞ்சள் சிவப்பு உடையில் கடற்கரை மீட்புப் பணிக்கு வந்தார். வெயிலைப் பார்த்தால் சென்னையில் ஆண்களுக்கும் அதுவே பொருத்தம்.

விசிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய விசிலுக்குள் உருளும் தக்கைக் குண்டு நனைந்தால் ஊறிச் சிக்கிக்கொள்ளும். 1987இல் கனடாவின் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் கொண்டுவந்த குண்டில்லாத விசிலில் அந்தத் தொல்லை இல்லை. அதன் ஒலி மூவாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல், நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதி. அலையின் கனத்த இரைச்சலுக்கு மேலே அது துளைத்துக்கொண்டு கேட்கிறது.

கடைசி விதி, பணி முடிந்ததும் சீருடையைக் கழற்றுவது. மஞ்சள் சட்டையைக் கண்டதும் குழந்தையோடு வந்தவர் மனதில் ஒரு தைரியம் வந்துவிடுகிறது, போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார். அந்த நேரம் சட்டைக்காரர் வேலை முடிந்து சுண்டல் வாங்கிக்கொண்டிருந்தால், அந்தப் பகுதியை உண்மையில் யாருமே பார்க்கவில்லை. அதனால் பல இடங்களில் ஓய்வு நேரத்தில்கூட மேலே வேறு சட்டை போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள்.