செட்ல கெடக்கிற பழைய டிராக்டர இழுத்து ஸ்டார்ட் பண்ணாதீங்க

அப்பா காலத்து மாஸி 1035 அண்ணே, மாட்டுக் கொட்டகை ஓரமா ரொம்ப வருஷமா நிக்குது, பேட்டரி செத்துப்போச்சு, தம்பி வண்டில சங்கிலி போட்டு ஒரு இழு இழுத்துப் பாத்துரவான்னு அடிக்கடி போன் வருது. சங்கிலிய முதல்ல கழட்டி வைங்கன்னுதான் சொல்லுவேன்.

ஏன்னா அந்த வண்டி சைலன்சர் வானத்த பாத்து நிக்கும், மேல ஒரு தகர டப்பா கவுத்திருக்க மாட்டாங்க, பெய்ற மழையெல்லாம் உள்ள எறங்கி எந்த சிலிண்டர்ல புகை வெளிய போற எக்ஸாஸ்ட் வால்வு தொறந்து நிக்குதோ அதுக்குள்ள போயிரும். மூணு சிலிண்டர்ல ஒண்ணுல தண்ணி நின்னாலே போதும். காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது, கியர்ல போட்டு இழுத்தீங்கன்னா பிஸ்டன கிராங்கோட சேக்குற கனெக்டிங் ராட் வளைஞ்சுரும். தண்ணி வத்தியிருந்தாலும் பிஸ்டன் ரிங்கு சிலிண்டர் உள்சுவரான லைனரோட துரு புடிச்சு ஒட்டியிருக்கும். போன வருஷம் ஒரு வண்டி அப்படித்தான் வந்துச்சு, சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சுற நாஸில் கழட்டி ரிங்க எளக்கிவிட்டு முடிக்க வேண்டிய வேலை, இழுத்ததுல முழு இன்ஜின் வேலையா ஆயிருச்சு.

முதல்ல இன்ஜின் அடில ஆயில் நிக்கிற சம்ப்போட போல்ட்ட ரெண்டு சுத்து மட்டும் லூஸ் பண்ணுங்க. தண்ணி ஆயிலுக்கு அடியிலதான் நிக்கும், அதனால முதல்ல தண்ணிதான் சொட்டும். மோர் மாதிரி வெளுத்து வந்தா ஆயில் பூரா மாத்தியே ஆகணும். அப்புறம் நாஸில் எல்லாத்தையும் கழட்டி, டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து அந்த ஓட்டை வழியா சிலிண்டருக்குள்ள ஊத்தி ஒரு ராத்திரி ஊறட்டும். காலைல முன்னாடி புல்லி நட்டுல ஸ்பேனர் போட்டு கையால முன்ன பின்ன அசைங்க, அசையலன்னா இன்னும் ஊறட்டும், பைப்ப சொருகி மல்லுக்கட்ட வேணாம். சுத்த ஆரம்பிச்சதும் நல்ல பேட்டரி போட்டு, நாஸில் இல்லாமயே செல்ஃப் அடிச்சு உள்ள இருக்கத வெளிய தள்ளணும், அந்த ஓட்டைக்கு நேரா மூஞ்சிய வச்சு எட்டிப் பாக்காதீங்க.

அடுத்தது டீசல் பம்ப், எனக்கு பயமே இதுதான். பழைய டீசல் பிசினாட்டம் ஒட்டிக்கிட்டு டீசல் அளவ கூட்டிக் கொறைக்கிற ரேக் ஜாம் ஆகியிருக்கும், ஸ்டார்ட் ஆன வேகத்துல வண்டி தானா ரேஸ் ஏறும், ஸ்டாப் ராட இழுத்தாலும் நிக்காது. பம்ப் கவர தொறந்து ரேக் லேசா நகருதான்னு பாக்காம ஸ்டார்ட் பண்ணக்கூடாது. அதுக்கு மேலயும் ஏர் கிளீனர் ஹோஸ கழட்டிட்டு, காத்து உறிஞ்சுற வாய மூட ஒரு பலகையோட ஒருத்தர் பக்கத்துலயே நிக்கணும். கையும் வேணாம், துணியும் வேணாம், துணிய அப்படியே உள்ள இழுத்துக்கும்.

நம்ம ஊர்ல நாஸில வெளிய தொங்கவிட்டு டீசல் அடிக்குதான்னு உள்ளங்கைய காட்டிப் பாக்குறது ஒரு பழக்கம். நாஸில் தொறக்கிற பிரஷர் ஏறக்குறைய 200 பார், கார் டயர்ல 2 பார்தான். தோல ஓட்ட போட்டு உள்ள போயிரும். அப்போ ஊசி குத்துன மாதிரிதான் இருக்கும், கொஞ்ச நேரம் கழிச்சு கை வீங்கும், விரலயே எடுக்க வேண்டி வரலாம். அப்படி ஆச்சுன்னா வலிக்கலன்னாலும் அப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி டீசல் உள்ள ஏறிருச்சுன்னு வாயத் தொறந்து சொல்லுங்க.

பெயிண்ட் கடைசி. மழமழன்னு செவப்பு அடிச்சு ஸ்டேட்டஸ் வச்சுட்டு அப்புறம் எங்கிட்ட வர்றவங்கதான் ஜாஸ்தி. பிரேக்க பாத்தவங்க ரொம்பக் கம்மி, ரெண்டு பிரேக் பெடலும் ஒண்ணா புடிக்குதான்னு பாக்காம ரோட்டுக்கு எடுக்காதீங்க. முதல் தடவ ஓடினதும் ஆயில் பிரஷர் முள் ஏறலன்னா உடனே ஆஃப் பண்ணிருங்க, ஏறுச்சுன்னா ஐடில்ல கொஞ்ச நேரம் விட்டு, சூட்டோட அந்த ஆயில எறக்கிட்டு ஃபில்டரோட புதுசு போடுங்க.