மாத்திரையை நிறுத்தியதை டாக்டரிடம் சொல்லுங்கள்

“ஒழுங்காகப் போடுகிறேன் டாக்டர்” என்றுதான் அந்த அம்மா ஒவ்வொரு முறையும் சொல்லி வந்தார். சர்க்கரை நோய்க்காக நான்கு ஆண்டுகளாக என்னிடம் வருகிறார். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 9 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. அதனால் கிளிமிபிரைடு மாத்திரையை 1 மில்லிகிராமிலிருந்து 2 மில்லிகிராமாகக் கூட்டினேன். அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கும் மாத்திரை அத்தனையையும் எடுத்துவரச் சொன்னேன்.

மஞ்சள் பையை மேசைமேல் கவிழ்த்தார். நான் எழுதித் தந்திருந்த இன்னொரு சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் அட்டைகள் ஐந்து, ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. கிளிமிபிரைடின் பழைய 1 மில்லிகிராம் அட்டையிலும் புதிய 2 மில்லிகிராம் அட்டையிலும் காலிக் குழிகள். இரண்டையும் சேர்த்தே போட்டிருக்கிறார்!

“காலையில் பதினொரு மணிவாக்கில் கை நடுங்குகிறதா, வேர்க்கிறதா?”

“ஆமாம், கண்ணை இருட்டிக்கொண்டு வரும். ஒரு பிடி சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன்.”

மெட்ஃபார்மின் போட்டால் வயிற்றோட்டம், அதனால் நிறுத்திவிட்டாராம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “சொன்னால் திட்டுவீர்கள்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நான் திட்டியிருக்கிறேன். நோயாளி மறைப்பதில் பாதிப் பொறுப்பு எங்களைப் போன்ற மருத்துவர்களுடையது.

சொல்லியிருந்தால் வழி இருந்தது. சாப்பாட்டோடு போடலாம், குறைந்த அளவில் தொடங்கலாம், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றலாம். தெரியாததால், மருந்து போதவில்லை என்று நினைத்து இன்னொன்றைக் கூட்டினேன். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்குவது உடனடி ஆபத்து. மேலும் இறங்கினால் நினைவே தப்பலாம்.

பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு சோற்றை நிறுத்திவிட்டு வருகிறவர்களும் உண்டு. வெறும் வயிற்றுச் சர்க்கரை அழகாக இருக்கும். ஆனால் ஹெச்பிஏ1சி காட்டுவது ரத்தச் சிவப்பணுக்களில் படிந்த சர்க்கரையை. அவை ஏறக்குறைய 120 நாள் வாழ்பவை, அவற்றில் படிந்த சர்க்கரை இரண்டு நாளில் கரைந்துவிடாது. எங்களுக்கு வேண்டியது உங்கள் வழக்கமான நாட்களின் கணக்கு.

ஆவாரம்பூக் கஷாயம், சிறுகுறிஞ்சான் பொடி எடுத்தால் அதையும் சொல்லுங்கள். மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அதிகமாக இறங்கக்கூடும். மருந்து வாங்கப் பணம் போதவில்லை என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் போன்ற இடங்களில் குறைந்த விலையில் கிடைக்கிறதா என்று பார்த்து, அதற்கேற்ப எழுதித் தர முடியும். பாதம் மரத்துப்போவதையும், ஆண்கள் தாம்பத்தியத்தில் ஏற்படும் குறையையும் கடைசிவரை வாய் திறந்து சொல்வதில்லை. இரண்டும் சர்க்கரையால் வரக்கூடியவை, இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.

டோக்கன் வரிசையில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடமாக இருக்கலாம். கேட்க வேண்டியதை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உட்கார்ந்ததும் அதை முதலில் நீட்டுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்ததில் புரியாததை அங்கேயே கேளுங்கள்: இது புதிதா, பழையதற்குப் பதிலா? இந்த ஒரு கேள்வியை அந்த அம்மா கேட்டிருந்தால், அல்லது நானே சொல்லியிருந்தால், இரண்டு அட்டைகளும் ஒரே நேரத்தில் காலியாகியிருக்காது.

போன வாரம் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிய ஒரே ஒரு கேள்வியோடு வந்தார்: “ஏகாதசி விரதம் இருக்கலாமா?” அன்று எந்த மாத்திரையை விடுவது, படபடப்பு வந்தால் விரதத்தை எப்போது முடித்துக்கொள்வது என்று அதே தாளில் அவருக்கு எழுதிக் கொடுத்தேன்.