3 வயதில் லட்டு, 5 வயதில் கோன் ஐஸ்: வரையக் கொடுக்கும் முன் பெற்றோருக்கு

கண்ணும் வாயும் வைத்த குட்டி ஐஸ்கிரீம், கன்னம் சிவந்த கப்கேக். வரையத் தொடங்கும் குழந்தைக்கு இப்போதெல்லாம் முதலில் கிடைப்பது இந்தப் படங்கள்தான். யூடியூபில் வீடியோ ஓடும், பக்கத்தில் நோட்டு இருக்கும். கொஞ்ச நேரத்தில் பென்சில் அம்மா கைக்கு வந்துவிடும்: "எனக்கு வரல, நீயே வரை." ஆக்குபேஷனல் தெரபிஸ்டான (எழுதுவது, வரைவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தருபவர்) என்னிடம் "இவனுக்குப் பொறுமையே கிடையாது" என்று சொல்லிக் கூட்டி வருகிறார்கள். பார்த்தால், பல பிள்ளைகளுக்குப் பொறுமை நிறையவே இருக்கிறது. கொடுத்த படம்தான் வயதுக்கு மீறியது.

கோடு போடக் கை பழகுவதற்கு ஒரு வரிசை உண்டு. 2 வயதை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு கோடு, அப்புறம் படுக்கைக் கோடு. 3 வயதில் வட்டம். 4 வயதில் கூட்டல் குறி, அதன் பிறகு சதுரம். சாய்கோடு கடைசியில்தான் வரும். அதனால் முக்கோணத்தைப் பார்த்துப் போட 5 வயதாவது ஆக வேண்டும். பிள்ளைக்குப் பிள்ளை சில மாதங்கள் முன்பின் ஆகும், அதில் கவலை வேண்டாம். அ-வை விட்டுவிட்டு ட, ப என்று எழுத்தைத் தொடங்கும் ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதற்கும் காரணம் இதுதான். ஒரு நிற்கும் கோடு, ஒரு படுத்த கோடு, ட வந்துவிடும். அ-வுக்குச் சுழிக்க வேண்டும், வளைக்க வேண்டும், நேராகவும் இறக்க வேண்டும்.

இப்போது கோன் ஐஸைப் பாருங்கள். தலைகீழ் முக்கோணம், அதற்குள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்த கட்டங்கள். 4 வயதுப் பிள்ளைகள் இதைப் போடும்போது நான் பென்சில் முனையையே கவனிப்பேன். ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சரியாகத்தான் புறப்படும். பாதி வழியில் சாய்வு தொலைந்து நேராக இறங்கிவிடும். இரண்டு பக்கமும் அப்படியே இறங்க, கீழே முனை சேராமல் கோன் வாளியாகிவிடும். பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் ஒரே நேரத்தில் கையை நகர்த்துவது அந்த வயதுக்குப் பெரிய வேலை. "ஒழுங்கா பார்த்துப் போடு" என்று அதட்டினால் அது வந்துவிடாது.

அதனால் இனிப்பை மாற்றுங்கள். 3 வயதுக்கு லட்டு போதும்: ஒரு வட்டம், உள்ளே இரண்டு புள்ளி, முந்திரிக்கு ஒரு கோடு. 4 வயதுக்குக் குச்சி ஐஸ். இரண்டு நீளக் கோடு, மேலே ஒரு வளைவு, கீழே மூடிவிட்டுக் குச்சி. ஓரத்தில் ஒரு கடி கடித்த மாதிரி போடச் சொன்னால் கூடுதல் குஷி. கப்கேக்கின் அடிப்பக்கம் லேசாகத்தான் சாயும், கோனுக்கு முன் அது நல்ல பயிற்சி.

கோன் ஐஸுக்கு வயது வந்துவிட்டதா? முதலில் மேலே இருக்கும் ஐஸ்கிரீமைப் போட வையுங்கள், கோனை அல்ல. அரைவட்டம் போட்டு, அதன் அடியில் அலை அலையாக ஒரு விளிம்பு. முன்னால் இருப்பதை முதலில் வரைந்தால், பின்னால் இருப்பது அதைத் தொட்ட இடத்தில் தானாக நின்றுவிடும், அழிக்க வேண்டிய வேலை இல்லை. கோன் கட்டங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வலது ஓரத்துக்கு இணையாகச் சில கோடுகள், அப்புறம் இடது ஓரத்துக்கு இணையாகச் சில கோடுகள். பார்த்துப் போட ஓரம் பக்கத்திலேயே இருப்பதால் சாய்வு தவறாது. வழியும் சாக்லேட்டை ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக விடுங்கள். ஒரே அளவில் போட்டால் சட்டைக் காலரில் வைத்த லேஸ் போலத் தெரியும்.

க்யூட்டாக இருப்பதன் சூட்சுமம் கண் வைக்கும் இடத்தில் இருக்கிறது. குழந்தைகள் பெரும்பாலும் கண்ணை உச்சியில் வைப்பார்கள், முகம் பெரிய ஆள் முகமாகிவிடும். பாதிக்குக் கீழே, நன்றாகத் தள்ளித் தள்ளி இரண்டு கண். நடுவில் மிகச் சின்ன வாய், கண்ணுக்கு வெளிப்புறம் கொஞ்சம் ரோஸ். உயர்ந்த நெற்றி, கீழிறங்கிய பெரிய கண்கள், உப்பிய கன்னம் என்று சிசு முகத்தின் எந்த அடையாளங்கள் நம்மை ஈர்க்கின்றன என்று விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த விஞ்ஞானி கான்ராட் லோரன்ஸ் 1943-ல் விளக்கினார். அந்த அடையாளங்களையே ஐஸ்கிரீமுக்கும் கொடுக்கிறோம். ஒரே படத்தை இரண்டு முறை வரைந்து, ஒன்றில் கண்ணை மேலேயும் ஒன்றில் கீழேயும் வைத்துக் காட்டுங்கள். பிள்ளைகளே வித்தியாசத்தைப் பிடித்துவிடுவார்கள்.

ரப்பரை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். ரப்பர் பக்கத்தில் இருந்தால் சில பிள்ளைகள் ஒரே கோட்டைப் போட்டு அழித்து, போட்டு அழித்து, தாள் கிழியும்வரை அங்கேயே நிற்பார்கள். அவர்கள் கையைப் பிடித்து வரையவும் வேண்டாம். உங்கள் தாளில் நீங்கள் ஒரு கோடு போடுங்கள், அவர்கள் தாளில் அவர்கள் போடட்டும், போட்டு முடிக்கும்வரை காத்திருங்கள். உடைந்த கிரேயான் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். துண்டு சின்னதாக இருந்தால் முழுக் கையால் இறுக்கிப் பிடிக்க முடியாது, விரல் நுனிக்கு வந்தே ஆக வேண்டும். தாளைச் சுவரில் ஒட்டி நின்றபடி வரையச் சொல்வதும் மணிக்கட்டுக்கு நல்லது.

4 வயது தாண்டியும் வட்டத்தைப் பார்த்துப் போட வராவிட்டாலோ, கொஞ்ச நேரத்திலேயே கை வலிக்கிறது என்று தினமும் சொன்னாலோ, பென்சிலைக் கண்டாலே ஒதுங்கினாலோ குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை பேசுங்கள். ஒன்றரை வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி இன்னொரு கையை ஒதுக்கும் குழந்தை என்றால் தள்ளிப் போட வேண்டாம், உடனே காட்டிவிடுங்கள்.