‘நகரத் தந்தை’ ஆக்கப்பட்ட மார்த்தீன் ஓப்ரி

பிரான்சின் லில் நகர மேயராக 24 ஆண்டுகள் இருந்த மார்த்தீன் ஓப்ரி 2025 மார்ச்சில் பதவி விலகியதைப் பற்றிய தமிழ்க் கட்டுரை ஒன்று, அவரை ‘நகரத் தந்தை’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே ‘அம்மையார்’ என்றது.

பிரெஞ்சில் இப்பதவியின் பெயர் ‘மேர்’. ‘மேலும் பெரியவர்’ என்னும் பொருளுடைய லத்தீன் ‘மாயோர்’ என்பதே அதற்கும் ஆங்கில ‘மேயர்’ என்பதற்கும் மூலம். ஊர்த் தலைவரைக் குறிக்கும் நம் ‘பெரியதனக்காரர்’ என்ற பழஞ்சொல்லிலும் இதே எண்ணம்தான் இருக்கிறது.

இதில் தந்தை எங்கே வந்தார்? மேயரைக் குறிக்க வழங்கிய ‘நகரபிதா’வில் ‘பிதா’ என்ற வடசொல்லை நீக்கித் ‘தந்தை’யை வைத்ததும் தமிழாகிவிட்டது என்று நிறைவடைந்தவர்கள், பொருள் சரிதானா என்று பார்க்கவில்லை. ‘நகரத் தாய்’ என்று திருத்துவோரும் அதே குழியில்தான் விழுகிறார்கள். பிரான்சில் நகர மன்ற உறுப்பினர்கள் தமக்குள் ஒருவரை இரகசிய வாக்கெடுப்பில் மேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள், பெற்றோரை அப்படி யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஓப்ரி 1997 முதல் 2000 வரை வேலைவாய்ப்பு அமைச்சராக இருந்து, வார வேலை நேரத்தை 39 மணியிலிருந்து 35 மணியாகக் குறைக்கும் சட்டங்களைக் கொண்டுவந்தார். அப்போது அவரைத் ‘தொழிலாளர் தந்தை’ என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும் ‘அமைச்சர்’ என்ற நல்ல சொல் கையில் இருந்தது.

அதே பொதுமை ‘முதல்வர்’ என்பதிலும் உண்டு என்பதால், லில் போன்ற ஊருக்கு ‘நகர முதல்வர்’ என்பதே என் தேர்வு. மாநில முதல்வரோடு குழம்பும் என்பார்கள். பிரான்சில் மாநில முதல்வர்களே இல்லை. உண்மையான இடர் ‘நகர’ என்ற முன்னொட்டில் இருக்கிறது. அங்குள்ள ஏறத்தாழ 35,000 கொம்யூன்களில், அதாவது அடிப்படை உள்ளாட்சி அமைப்புகளில், சில நூறு பேர் வாழும் சிற்றூருக்கும் ஒரு மேர் உண்டு. அவரை ‘ஊர்த் தலைவர்’ எனலாம். ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்றும், கடற்கரையில் இடிந்து விழுந்தபின் பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்ட நகராட்சி மாளிகையை ‘மேரி கட்டடம்’ என்றும் இயல்பாகச் சொல்லும் புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். இரண்டும் வேண்டாமென்றால் ‘மேயர்’ என்றே எழுதலாம், குற்றமில்லை.

1995 முதல் 2001 வரை ஓப்ரி, பியேர் மொருவா மேயராக இருந்த அதே லில்லில் முதல் துணை மேயராக இருந்தார். ‘முதல் துணைத் தந்தை’ என்று எழுதக் கை வரவில்லை போலும், அந்த ஆறு ஆண்டுகளைக் கட்டுரை தொடவே இல்லை.