விமான விபத்து இழப்பீடு: முதலில் வரும் 10 லட்சம் முன்பணம்தான்

2020 ஆகஸ்ட் 7, கொட்டும் மழை. துபாயிலிருந்து கோழிக்கோட்டில் இறங்கிய விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 21 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் குடும்பங்களுக்கு விமான நிறுவனம் அறிவித்தது 10 லட்சம்.

இதோடு முடிந்தது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். இது இடைக்கால நிவாரணம்தான். இறுதித் தொகையில் கழித்துக்கொள்வார்கள். தாராளமாக வாங்குங்கள். ஆனால் 'முழு, இறுதித் தீர்வு' என்று எழுதிய தாளை நீட்டினால், வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு, விமான நிறுவனங்களின் பொறுப்பைச் சொல்லும் சர்வதேச ஒப்பந்தமான மாண்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். சென்னை–மும்பை–துபாய் என்று ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் உள்நாட்டுப் பகுதியும் அதில் சேரும். 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கான இழப்பீட்டு வரம்பு 1,51,880 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), நம் பணத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேல். அந்த வரம்பு வரை "மழை பெய்தது, நாங்கள் என்ன செய்ய?" என்ற பேச்சு எடுபடாது. அதற்கு மேல் கேட்டால், தன் மேல் தவறில்லை என்று நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும்.

சிக்கல் அந்த 'வரை' என்ற சொல்லில்தான். முழு வரம்பும் தானாகக் கைக்கு வராது. 2010 மங்களூரு விபத்து வழக்கில் கேரள உயர் நீதிமன்ற அமர்வு, இழப்பை நிரூபித்தாக வேண்டும் என்றது. அதனால் சம்பளக் கடிதத்தைத் தேடி எடுங்கள். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி எல்லாம் அதில் இருக்கட்டும். அதே விபத்தின் இன்னொரு வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் அவற்றையும் வருமானமாகவே எடுத்துக்கொண்டது.

அப்புறம் அலுவலக அலைச்சல். இறப்புச் சான்றிதழ் சொந்த ஊரில் கிடைக்காது, உயிர் பிரிந்த இடத்தில்தான். பெயர்தான் கோழிக்கோடு விமான நிலையம். அது இருக்கும் கரிப்பூரோ மலப்புறம் மாவட்டத்தில். கோழிக்கோடு ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் பதிவு அங்கே. இது தெரியாமல் தவறான கவுன்ட்டரில் நின்றால் ஒரு வாரம் போச்சு. பாஸ்போர்ட்டிலும் ஆதாரிலும் இனிஷியல் வேறுபட்டால் வாரிசுச் சான்றிதழிலும் இழுத்தடிப்பார்கள். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

எல்லாவற்றையும் விட மோசமானது இரண்டு வருடக் கெடு. அதற்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமையே போய்விடும். நிறுவனத்தோடு மெயில் போய்வருகிறது என்பதற்காகக் கெடு நிற்காது. விசாரணை அறிக்கை வரட்டும் என்றும் காத்திருக்காதீர்கள்: கோழிக்கோடு அறிக்கை வெளியானது 2021 செப்டம்பரில். அதற்குள் பாதிக் கெடு முடிந்திருந்தது.