லேப்டாப்பைப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள்

பஞ்சர் கடையில் காற்றடித்துக் கெட்டுப்போய் என் சர்வீஸ் கடைக்கு வந்த லேப்டாப்பில், போன வாரம் வந்தது இந்த மாதத்தில் மூன்றாவது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இங்கே திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிற தம்பி, லேப்டாப்பை மேஜைமேல் வைத்துவிட்டு, "ஹீட் ஆகுதுன்னு காத்தடிச்சேனுங்ணா, அப்புறம் கடகடன்னு சத்தம் வருது" என்றார். எங்கே அடித்தீர்கள் என்று கேட்டால், முக்குப் பஞ்சர் கடையில். லாரி டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசர்! கீழ்மூடியைக் கழற்றினேன். ஃபேனில் இரண்டு இறக்கையைக் காணோம். கம்ப்ரசர் டேங்கில் தேங்கிக் கிடந்த தண்ணீரும் எண்ணெயும் போர்டில் புள்ளிபுள்ளியாகத் தெறித்திருந்தன. அடைப்பு மட்டும் அசையாமல் அங்கேயே இருந்தது.

பக்கவாட்டில் காற்று வெளியேறுகிற சந்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "க்ளீனாத்தான் இருக்கு" என்பார்கள். வெளிப்பக்கம் சுத்தமாகத்தான் இருக்கும். தூசி படிவது ஃபேனுக்கும் சீப்புப் பல் மாதிரி இருக்கிற தகடுகளுக்கும் நடுவில், உள்பக்கம். வெளியிலிருந்து ஊதினால் அந்தத் தூசிப் படலம் கொஞ்சம் பின்னால் நகரும், ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் பழைய இடத்துக்கே வந்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஊரில் அது வெறும் தூசியும் இல்லை, பஞ்சு. ட்வீசரால் பிடித்து இழுத்தால் நெய்த துணி மாதிரி ஒரே துண்டாக வரும். நீலம், வெள்ளை, மெரூன் என்று அடுக்கடுக்காக. அதை வைத்தே அந்த கம்பெனியில் வரிசையாக என்ன கலர் ஓடியது என்று சொல்லிவிடலாம்.

சரி, கம்ப்ரசராவது ஒரு நாள் கூத்து. எனக்கு நிஜமாகவே எரிச்சல் வருவது, லேப்டாப்புக்கு அடியில் வைக்கிற ஃபேன் பலகை இருக்கிறதே, அந்தக் கூலிங் பேடைப் பார்த்துத்தான். இந்தத் தம்பியும் முதலில் அதைத்தான் வாங்கியிருக்கிறார், நீல லைட்டும் ஐந்து ஃபேனுமாக. சூடு எங்கே இருக்கிறது? லேப்டாப்பின் மூளையான பிராசஸரில். அந்தச் சூடு செம்புக் குழாய் வழியாகத் தகடுகளுக்கு வந்து, காற்றோடு வெளியே போக வேண்டும். போகிற வழியைப் பஞ்சு அடைத்துக்கொண்டிருக்கும்போது, கீழே பிளாஸ்டிக் மூடியின்மேல் காற்று அடித்து என்ன பிரயோசனம்? குக்கரில் வெயிட் அடைத்துக்கொண்டால் குக்கருக்கு விசிறிவிடுவீர்களா? அதுவும் ஏப்ரல் மத்தியானம், ரூமே 37, 38 டிகிரி. பேட் அடிப்பதும் அதே சூட்டுக் காற்றுதான், கூடவே தரையில் கிடக்கிற பஞ்சையும் தூக்கிக் கொடுக்கும். உள்ளே சுத்தமாக இருக்கிற லேப்டாப்பில் சில டிகிரி குறையும், மறுக்கவில்லை. அதில் ஒரு பங்கு, பின்பக்கம் உயர்ந்து அடியில் காற்று போவதால் கிடைப்பது. பின்கால் இரண்டுக்கும் அடியில் ஆளுக்கொரு ரப்பரை வைத்தாலே அது நடக்கும். பேடுக்குக் கொடுக்கிற காசில் என்னிடம் ஒரு சர்வீஸே முடிந்துவிடும் (கடைக்கு ஆள் சேர்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம், யாரிடம் வேண்டுமானாலும் போங்கள்).

கழற்றுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் எது சிபியுவை, அதாவது பிராசஸரைத் தின்கிறது என்று பாருங்கள். பாதிப் பேருக்கு அது மூடாமல் விட்ட நாற்பது பிரௌசர் டேப்தான். எச்டபிள்யூ இன்ஃபோ (HWiNFO) என்று இலவச மென்பொருள் இருக்கிறது, டிகிரியைக் காட்டும். வீடியோ எடிட் பண்ணும்போது 90 வந்தால் பதறாதீர்கள், பெரும்பாலான பிராசஸர்கள் 100 டிகிரியை ஒட்டித்தான் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒன்றுமே ஓடாமல் சும்மா இருக்கும்போது 70க்கு மேல் நிற்கிறதா? அப்போது பெரும்பாலும் அடைப்பு, இல்லையென்றால் பிராசஸரிலிருந்து செம்புக்குச் சூடு கடத்த நடுவில் தடவியிருக்கிற பேஸ்ட் காய்ந்துபோயிருக்கும்.

பேஸ்ட் மாற்றுவது உங்களுக்குப் பழக்கம் இல்லையென்றால் கடையில் கொடுங்கள். தெரிந்தவர்களுக்கு: மிளகு அளவு போதும், தோசைமாவு மாதிரி ஊற்ற வேண்டாம். பற்பசை வைத்து ஒன்று வந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன். முதல் நாள் வேலை செய்ததாம்.

வீட்டில் சுத்தம் பண்ணுவதாக இருந்தால், ஸ்லீப் இல்லை, ஷட்டவுன். சார்ஜரைக் கழற்றுங்கள். மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை எடுப்பது. ஃபேன் இறக்கையை ஒரு பல்குச்சியால் பிடித்துக்கொண்டு, கையால் அமுக்குகிற ரப்பர் பம்பால் விட்டு விட்டு ஊதுங்கள், மிச்சத்துக்கு மெல்லிய பெயின்ட் பிரஷ். காற்றில் ஃபேனைக் கன்னாபின்னாவென்று சுற்றவிட்டால் பேரிங் போகும். வேக்யூம் கிளீனர் கிட்டவே வரக்கூடாது, அதில் ஸ்டாட்டிக் மின்சாரம் உண்டாகும், போர்டு கெட்டுப்போகலாம். மெத்தை, தலையணை, மடியில் போர்வை, இதெல்லாம் எத்தனை தடவை சொல்வது? மூச்சு விடுகிற ஓட்டை அடியில் இருக்கிறது. இன்னொன்று, திரையை மடித்து அப்படியே பையில் போட்டு பஸ் ஏறுகிறீர்களே, சில லேப்டாப் பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு ஓடும். வீட்டுக்கு வந்து எடுத்தால் இட்லிப் பானை மாதிரி இருக்கும்.

அந்தத் தம்பிக்குப் புது ஃபேன் போட்டு, போர்டைக் கழுவி, பேஸ்ட் மாற்றிக் கொடுத்தேன். சும்மா இருக்கும்போது 76இல் நின்றது 48க்கு வந்துவிட்டது.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். டச்பேட் லேசாக மேலே தூக்கியிருந்தாலோ, லேப்டாப் மேஜையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், அணைத்துவிட்டு அப்படியே கடைக்குக் கொண்டுவாருங்கள். ஊசியால் குத்தி உள்ளே இருக்கிற காற்றை இறக்கிவிடலாமா என்று ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணிக் கேட்டார் ஒருவர். நல்லவேளை, குத்துவதற்கு முன்னால் கேட்டார்.