சொல் விளக்கம்: காஸ்ட்யூம்

மும்பையில் நீச்சல் கற்றுக்கொள்ளும் தமிழ்க் குழந்தைகளின் காதில் 'நீச்சலுடை' என்ற சொல் அநேகமாக விழுவதே இல்லை. "காஸ்ட்யூம் எடுத்துண்டியா? கேப் எங்கே?" என்றுதான் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் அம்மாக்கள் கேட்கிறார்கள். தாதர் சிவாஜி பார்க் அருகே உள்ள மாநகராட்சிக் குளத்தை மராத்தியில் 'ஜலதரண் தலாவ்' என்பார்கள். (தலாவ் நம் தடாகத்தோடு பிறந்த சொல், இரண்டுக்கும் மூலம் வடமொழியின் 'தடாக'.) ஆனால் குளத்துக்குள் இறங்கப் போடும் உடைக்கு மராத்திக்காரர், குஜராத்திக்காரர், தமிழர் எல்லோருக்கும் ஒரே பெயர், காஸ்ட்யூம். கடையிலும் அப்படித்தான். இடுப்பில் குட்டிப் பாவாடை வைத்துத் தைத்தது ஃப்ராக் காஸ்ட்யூம். முழங்கால் வரை கால் இறங்கினால் லெக் காஸ்ட்யூம். மணிக்கட்டிலிருந்து கணுக்கால் வரை மூடினால் ஃபுல் காஸ்ட்யூம்.

தமிழில் நீச்சலுடை என்ற சொல் இல்லாமல் இல்லை. பத்திரிகைகளில் பல காலமாக இருக்கிறது. ஆனால் அது புழங்கிய இடம் சினிமாப் பக்கம். நீச்சல் உடையில் நடிக்கச் சம்மதித்த நடிகை, மறுத்த நடிகை, அப்படி நடித்ததற்காகத் திட்டு வாங்கிய நடிகை என்று செய்திகள் வந்து வந்து, அந்தச் சொல்லில் நீச்சலே கரைந்துபோய்விட்டது. எட்டு வயதுப் பெண்ணை வகுப்புக்குக் கிளப்பும் அம்மாவின் வாயில் அது வராததற்குக் காரணம் ஆங்கில மோகம் என்று சொல்லிவிட முடியாது. காஸ்ட்யூம் என்றால் பையில் டவலோடு கிடக்கும் ஒரு பொருள். நீச்சலுடை என்றால் யாரோ பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு படம். இந்த வேறுபாடு எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. குடும்பத்தோடு குளத்தில் இறங்கும்போது எது தகுந்த உடை என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த இரண்டு அர்த்தங்களும்தான் மோதிக்கொள்கின்றன.

சரி, காஸ்ட்யூம் எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'கான்ஸுவெடூடோ' என்றால் வழக்கம், பழக்கம். அது இத்தாலியில் 'கொஸ்தூமே' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதே லத்தீன் வேர் வேறொரு பாதையில் வந்து ஆங்கிலத்தில் 'கஸ்டம்' ஆயிற்று. ஆக கஸ்டமும் காஸ்ட்யூமும் உடன்பிறப்புகள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது இது ஓவியர்களின் கலைச்சொல். ஒரு காட்சியைத் தீட்டினால் அந்தக் காலத்துக்கும் அந்த இடத்துக்கும் பொருந்திய உடை, பொருள், ஆயுதம் எல்லாம் படத்தில் இருக்க வேண்டும். அந்தப் பொருத்தத்துக்குப் பெயர்தான் காஸ்ட்யூம். வெறும் துணி என்ற பொருள் பிறகு வந்தது. குளிப்பதற்கான உடையையும் நீந்துவதற்கான உடையையும் காஸ்ட்யூம் என்றது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர்கள் 'ஸ்விம் சூட்' என்பார்கள். நமக்கு வாய்த்தது பிரிட்டிஷ்காரன் சொல்.

இடத்துக்குப் பொருந்திய வழக்கம் என்ற அந்த முதல் பொருளை வைத்துக்கொண்டு நம் ஊர்ப் படித்துறையை நினைத்துப் பாருங்கள். தாராவித் தமிழர்களில் நிறையப் பேருக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தாமிரபரணியில் பெண்கள் பாவாடையை நெஞ்சுக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு குளிப்பார்கள். தோள் தெரியும், முதுகு பாதி தெரியும், முழங்காலுக்குக் கீழே தெரியும். ஆண்களுக்கு ஒரு துண்டு, இல்லையென்றால் கோவணம். இதை யாரும் ஆபாசம் என்று சொன்னதில்லை. ஆற்றுக்கு அதுதான் காஸ்ட்யூம். அதே பாட்டி அதே பாவாடையோடு தெருவில் வந்து நிற்க மாட்டாள். எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து அங்கே யாரும் கணக்குப் பார்க்கவில்லை, இடத்தை வைத்துத்தான் பார்த்தார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பல ஊர்களில் பெண்கள் படித்துறை தனி, ஆண்கள் படித்துறை தனி. ஆண்கள் பெண்கள் பக்கம் போக நேர்ந்தால் குரல் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள், பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். மும்பையிலும் பல குளங்களில் லேடீஸ் பேட்ச், ஜென்ட்ஸ் பேட்ச் என்று நேரம் பிரித்திருக்கிறார்கள். அடுக்குமாடிச் சொசைட்டிகளில் ஞாயிற்றுக்கிழமை காலை வைக்கும் 'ஃபேமிலி டைம்' இந்த ஏற்பாடு எதற்குள்ளும் அடங்காது. மாமனாரும் மருமகளும், பக்கத்து ஃப்ளாட்காரரும் அவர் பெண்ணும் ஒரே தண்ணீரில் இறங்குகிறார்கள். நம் பாட்டிமாருக்கு இப்படி ஒரு சூழ்நிலை வந்ததே இல்லை. அதனால் 'நம் பண்பாட்டில் இது கிடையாது' என்று சொல்பவரிடமும், 'ஆற்றில் குளிக்கவில்லையா' என்று திருப்பிக் கேட்பவரிடமும் பாதி உண்மைதான் இருக்கிறது. இதற்கான வழக்கத்தை இனிமேல்தான் நாம் உண்டாக்க வேண்டும்.

செம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு சொசைட்டியில் இந்தப் பேச்சு போன கோடையில் எழுந்தது. ஃபேமிலி டைமில் 'டீசன்ட் காஸ்ட்யூம்' மட்டுமே அணிய வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டார். காரணம், இரண்டு பெண்கள் சாதாரண ஒன்-பீஸ், அதாவது மேலும் கீழும் ஒரே துண்டாகத் தைத்த காஸ்ட்யூம், அணிந்து வந்திருந்தார்கள். போட்டிக்குப் போகும் பள்ளிப் பிள்ளைகள் அணிவதைப் போன்ற, இழுபடும் கறுப்பு லைக்ரா துணி. அதே ஞாயிற்றுக்கிழமை அதே குளத்தில் மூன்று நான்கு ஆண்கள் வெள்ளைப் பருத்திப் பனியனோடு இறங்கியிருந்தார்கள். நனைந்த பனியன் உடம்போடு ஒட்டி, மார்பு முடி வரை கண்ணாடி போலக் காட்டியது. அவர்களைப் பற்றிக் குழுவில் ஒரு வரி இல்லை. ஒரு மாமி பேத்தியை உள்ளே விட்டுவிட்டுப் புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு காலை மட்டும் நனைத்தபடி உட்கார்ந்திருந்தார். நீங்களும் இறங்கலாமே என்றதற்கு, "ஆசையா இல்லாம என்ன? அதைப் போட்டுண்டு இத்தனை பேர் நடுவுல எப்படிடீ வரது?" என்றார். டீசன்ட் என்ற சொல்லை எழுதியவர் அந்த மாமிக்காகவும் எழுதியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த வரியால் மாமி தண்ணீரில் இறங்கவில்லை. வந்திருந்த இரண்டு பெண்களும் அடுத்த வாரம் வரவில்லை.

டீசன்ட் என்பதன் லத்தீன் வேருக்கு 'பொருந்துதல், தக்கதாய் இருத்தல்' என்று பொருள். தமிழில் நேராகத் 'தகுந்த' என்று சொல்லிவிடலாம். எதற்குத் தகுந்தது என்ற கேள்வி உடனே வரும் என்பதால் எனக்குத் தமிழ்ச்சொல்லே பிடிக்கிறது. குளத்தில் அணிவது முதலில் தண்ணீருக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், அதன் பஞ்சும் நூலும் உதிர்ந்து ஃபில்டரில் அடைக்கும், சாயம் போகும், துணியில் ஊறிய வியர்வையும் சோப்பும் தண்ணீரில் கலக்கும். குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேரும்போது உண்டாகும் குளோரமைன்கள்தான் கண்ணை எரிக்கின்றன. 'குளோரின் வாடை' என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் அவற்றின் வாடைதான். துப்பட்டாவும் நைட்டியும் இன்னும் ஆபத்து. காலில் சுற்றிக்கொண்டால் நீச்சல் தெரிந்தவரே தடுமாறுவார். நைலான், லைக்ரா கலந்த துணியில் இந்தத் தொல்லைகள் குறைவு, அடர்நிறமாக இருந்தால் நனைந்தாலும் உள்ளே இருப்பதைக் காட்டாது. மறைப்பதற்காகப் போட்ட வெளிர்நிறப் பருத்தி டி-ஷர்ட் நனைந்ததும் செய்வது நேர்மாறான வேலை.

இடத்துக்கு இடம் இது மாறுவதையும் பார்க்கலாம். பிரான்சில் பல நகராட்சிக் குளங்களில் ஆண்கள் தொளதொளவென்ற அரைக்கால் சட்டையோடு இறங்க முடியாது. உடம்பை ஒட்டிய சின்ன நீச்சலுடைதான் போட வேண்டும், சுகாதாரம்தான் காரணம். அங்கே சின்னதுதான் ஒழுங்கு. போட்டி நீச்சலில் 2010 ஜனவரி முதல் ஆண்களின் உடை இடுப்பிலிருந்து முழங்கால் வரை, பெண்களின் உடை தோளிலிருந்து முழங்கால் வரை மட்டுமே இருக்கலாம் என்ற விதி வந்தது. உடம்பு முழுக்க மூடிய வழவழப்பான உடைகள் மிதப்பையும் வேகத்தையும் கூட்டிவிடுகின்றன என்பதற்காக அவற்றைத் தடுத்தார்கள். மூடினால் தப்பு என்று ஒரு விதி இருக்க முடியும் என்பதே நம்மில் பலருக்குப் புதிதாக இருக்கும்.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃபேமிலி டைமில் ஒன்-பீஸ் தாராளமாகத் தகுந்த உடை. ஃபுல் காஸ்ட்யூமும் அதே அளவு தகுந்தது. இரண்டில் எது என்று முடிவு செய்ய வேண்டியவர் அதை அணிகிறவர் மட்டும்தான். கயிறு முடிச்சில் நிற்கும் பிகினியைக் குழந்தைகளோடு இறங்கும் நேரத்தில் தவிர்க்கலாம் என்பேன். நீந்தத் தெரியாத பிள்ளை பயத்தில் கையில் அகப்பட்டதைப் பிடித்துத் தொங்கும், முடிச்சு தாங்காது. ஆணின் நாடா கட்டாத ட்ரங்க்ஸுக்கும் இதே காரணம் பொருந்தும். விதி போட்டால் இருவருக்கும் சேர்த்துப் போட வேண்டும்: நீச்சலுக்கென்று தைத்த துணி, இடத்தை விட்டு நகராத தையல், அவ்வளவுதான். அப்புறம், கௌரவம் பற்றி உண்மையிலேயே கவலைப்படுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது குளக்கரையில் மொபைலுக்குத் தடை. யார் பிள்ளையோ, யார் மனைவியோ பின்னணியில் நிற்க எடுக்கப்பட்ட படம் யார் யார் போனுக்குப் போகும் என்பது எடுத்தவருக்கே தெரியாது. மாமி இறங்கத் தயங்கியது தன் உடையை நினைத்து மட்டுமல்ல, கரையில் நிற்கும் போன்களையும் நினைத்துத்தான்.

இந்தப் பேச்சு தமிழில் நடக்கும்போது இன்னொரு சிக்கல் உண்டு. உடம்பு தெரியும் உடையைக் குறிக்க நம்மிடம் இருக்கும் சொற்கள் எல்லாமே தீர்ப்பைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகின்றன. 'கவர்ச்சி உடை' என்கிறோம். கவர்தல் என்றால் பறித்தல், இழுத்தல். உடுத்தியவள் இழுப்பதற்காகவே உடுத்தினாள் என்ற குற்றச்சாட்டு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'அரைகுறை ஆடை' என்றால் முழுசாக இருக்க வேண்டியதில் ஏதோ விட்டுப்போயிற்று என்றாகிறது. 'ஆபாசம்' வடமொழி 'ஆபாஸ'விலிருந்து வந்தது. அங்கே அதற்குத் தோற்றம், போலித் தோற்றம் என்றுதான் பொருள். சுவை கெட்டுப் போலியாக நின்றால் ரசாபாசம். தமிழுக்கு வந்து அசுத்தம், அருவருப்பு என்றெல்லாம் இறங்கிவிட்டது. ஒரு ஒன்-பீஸைப் பற்றிப் பேச இவற்றில் எதுவும் உதவாது. 'உடம்பைக் குறைவாக மூடும் உடை' என்று நீட்டிச் சொன்னால் குடி முழுகிப் போகாது.

பிகினிக்கு ஒரு பத்தி போதும். அது உடையின் பெயரே அல்ல, ஊரின் பெயர். பசிபிக்கில் மார்ஷல் தீவுகளில் ஒரு பவளத் தீவு; அந்த மக்கள் மொழியில் 'பிகின்னி'. 'பிக்' என்றால் மேற்பரப்பு, 'நி' என்றால் தேங்காய். 1946 ஜூலை 1 அன்று அமெரிக்கா அங்கே அணுகுண்டுச் சோதனை நடத்தியது. நான்கு நாள் கழித்து, ஜூலை 5 அன்று, பாரிஸின் மொலிதோர் நீச்சல்குளத்தில் லூயி ரெயார் என்பவர் தன் சின்னஞ்சிறு உடையை அறிமுகம் செய்து அந்தப் பெயரை வைத்தார். தீவின் மக்கள் அதற்குச் சில மாதங்கள் முன்புதான் வேறு தீவுக்கு அப்புறப்படுத்தப்பட்டிருந்தார்கள். முன்னால் இருக்கும் 'பி'யை இரண்டு என்ற பொருள் தரும் முன்னொட்டாக நினைத்துக்கொண்டு பிறகு மோனோகினி முதலியவற்றை உண்டாக்கினார்கள். 2004இல் ஆஸ்திரேலியாவில் அஹேதா ஸனெட்டி உருவாக்கிய முழு உடையின் பெயரான புர்கினியும் இந்த வாலைப் பிடித்துக்கொண்டு வந்ததுதான். ஊர்ப்பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. பிகினி பிகினியாகவே இருக்கட்டும். விளக்கம் தேவைப்பட்டால் 'இருதுண்டு நீச்சலுடை' என்று எழுதலாம்.

காஸ்ட்யூமுக்குத் தமிழ் எது? பரிபாடலில் வையைப் புனலாட்டுக்கு உரிய அணியை 'ஈரணி' என்கிறார்கள். ஈரத்துக்கு உரிய அணி, அழகான சொல். புனலாடுவதற்கென்று தனி அணி நமக்கு இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஆனால் இன்றைக்கு ஈரணி என்று எழுதினால் படிப்பவர் இரண்டு கிரிக்கெட் அணிகளை நினைப்பார். மேலும் அணி என்பதில் அலங்காரம் முன்னே நிற்கிறது. நமக்கு வேண்டியது நாலு முறை குளத்தைக் கடந்தாலும் நழுவாத துணி. அதற்கு உடுத்தல் என்ற வினையிலிருந்து வந்த 'உடை'யே சரி.

ஆகவே நீச்சலுடைதான். சினிமாக்காரர்களிடம் போன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்வோம். ஒன்-பீஸுக்கு 'ஒற்றை நீச்சலுடை', ஃபுல் காஸ்ட்யூமுக்கு 'முழு நீச்சலுடை', லெக் காஸ்ட்யூமுக்கு 'முழங்கால் நீச்சலுடை', ஆண்களின் ட்ரங்க்ஸுக்கு 'நீச்சல் கால்சட்டை' என்று வைத்துக்கொள்ளலாம். ஃப்ராக் காஸ்ட்யூமைப் 'பாவாடை நீச்சலுடை' என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு ஆறு வயதுக் குட்டி உடனே ஏற்றுக்கொண்டாள், அவள் அம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.